முர்ஷித் பஜார் எழுத்தாளர்

துபாய் தேராவில், முர்ஷித் பஜாரில் மொத்தத் துணிக்கடை வைத்திருக்கும் தன் மாமா கலீலுர் ரஹ்மானிடம் வேலை பார்க்கிற நுஃமான், தன்னை எழுத்தாளன் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சப்பட்டதே இல்லை. தொண்டியிலிருந்து மாமாவின் கடைக்கு வந்து சேர்ந்தபோது அவனுக்கு இருபத்தொரு வயது. இப்போது இருபத்தெட்டு. இடைப்பட்ட காலத்தில் இணைய இதழ்களில் அவனுடைய சிறுகதைகள் சில வந்தன. ஒரு போட்டியில் ஆறுதல் பரிசும் கிடைத்தது. அந்த உற்சாகத்தில் நாவல் ஒன்றைத் தொடங்கினான். கடல் கடந்து பிழைக்கப் போன ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதை. அறுபது பக்கம் மளமளவென்று வந்தது. பிறகு நின்றுவிட்டது.

ஏன் நின்றது என்று கேட்டால் அவனிடம் காரணங்கள் இருந்தன. அல் குசைஸில் ஆறு பேர் தங்கும் ரூம். எப்போது விளக்கைப் போட்டாலும் யாராவது ஒருவனுக்குத் தூக்கம் கெடும். கடையிலோ காலையிலிருந்து ஆள் வந்தபடி இருப்பார்கள். மாமா நல்லவர்தான், ஆனால் மருமகன் எழுதிய ஒரு வரியைக்கூட அவர் படித்ததில்லை. ஒருமுறை ஷார்ஜா புத்தகக் கண்காட்சிக்குப் போக லீவு கேட்டபோது, “புஸ்தகம் எங்கயும் ஓடிடாது மருமவனே, கஸ்டமர் ஓடிருவான்” என்று சொல்லி அனுப்ப மறுத்துவிட்டார். அமைதியான ஒரு அறையும் ஒரு மாத லீவும் கிடைத்தால் நாவல் முடிந்துவிடும் என்று நுஃமான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

அதை அதிகம் கேட்டவள் ஜுஹுரா. தான்சானியாக்காரி. தார் எஸ் ஸலாமில் காரியாக்கோ சந்தையில் சின்னதாக ஒரு துணிக்கடை வைத்திருந்தாள். வருடத்துக்கு இரண்டு மூன்று முறை துபாய்க்கு வந்து சரக்கு எடுப்பாள். நுஃமானைவிட இரண்டு மூன்று வயது மூத்தவள். துணியை விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, முகத்தைச் சுளித்துத்தான் விலை கேட்பாள். இருவருக்கும் பொதுவான பாஷை என்று ஒன்று கிடையாது. கொஞ்சம் இங்கிலீஷ், கொஞ்சம் அரபி, மிச்சத்துக்குக் கை. அவளுடைய சுவாஹிலியில் புத்தகத்துக்கு ‘கிதாபு’ என்று பெயர் என்று தெரிந்த நாளில், எங்கள் ஊரிலும் கிதாபுதான் என்று நுஃமான் சொல்ல, இருவரும் சிரித்துவிட்டார்கள். அன்றுதான் தான் கிதாபு எழுதுகிறவன் என்று அவளிடம் சொன்னான். அதன் பிறகு அவள் வரும்போதெல்லாம் ஷிஃபான் உருளைகளை விரித்துக்கொண்டே நாவலின் ஏதாவது ஒரு பகுதியைச் சொல்வான். அவள் துணியைத் தேய்த்தபடி கேட்பாள். குறுக்கே பேசமாட்டாள். போகும்போது “முடிந்ததா, நுமானி?” என்று கேட்பாள். பெயரின் கடைசியில் ஒரு இகரம் போடாவிட்டால் அவள் நாக்குக்கு ஒத்துவராது. “இன்ஷா அல்லாஹ், அடுத்த தடவை” என்பான் நுஃமான்.

இந்தக் குளிர்காலத்தில் அவளிடமிருந்து வாட்ஸப் வந்தது. இந்த முறை துணிக்காக மட்டும் வரவில்லை, ஷார்ஜாவில் ஆப்பிரிக்க எழுத்தாளர்களுக்கான விழா நடக்கிறது, சனியும் ஞாயிறும் அங்கே இருப்பேன், நீயும் வரவேண்டும் என்று எழுதியிருந்தாள். கார்கோவில் இரண்டு பெட்டிப் புத்தகங்கள் வருகின்றன, கடை முகவரியைக் கொடுக்கலாமா என்றும் கேட்டிருந்தாள். துணியோடு புத்தக வியாபாரத்தையும் ஆரம்பித்துவிட்டாள் போலிருக்கிறது என்று நுஃமான் நினைத்தான். விழாவுக்கு அவள் ஸ்டால் போட வருகிறாள், தான் எழுத்தாளன் என்பதால் கூப்பிடுகிறாள் என்று அவனாகவே கணக்குப் போட்டுக்கொண்டான்.

முதல் பெட்டி வியாழக்கிழமை வந்தது. வழியில் அடிபட்டு ஒரு மூலை கிழிந்திருந்தது. உள்ளே நனைந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு புத்தகத்தை உருவி எடுத்தான். பின்னட்டையில் ஜுஹுரா சிரித்துக்கொண்டிருந்தாள்.

வேறு யாரோ என்றுகூட ஒரு கணம் நினைத்தான். முன்பக்கம் திருப்பினான். அட்டையில் பெரிய எழுத்தில் அவள் பெயர். சுவாஹிலி புரியாது, ஆனால் எழுத்து ஆங்கில எழுத்துதானே. கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தான். இருநூற்று எண்பது. கையில் எடை பார்ப்பவன்போல் அந்தப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். இவளா? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே? என் கதையைத்தான் எழுதிவிட்டாளோ? அந்தச் சந்தேகம் வந்ததும் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. திருடியிருந்தால் கோபப்படலாம்.

கலீலுர் ரஹ்மானோ தலைகால் புரியாமல் திரிந்தார். புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்துக் கடை குஜராத்திக்காரரிடமும் எதிர்க் கடை ஈரானியிடமும் காட்டி, தங்கள் கஸ்டமர் எழுதியது என்று சொல்லிவிட்டு வந்தார். லீவு கேட்காமலே கிடைத்தது.

“ரெண்டு நாளும் கூடவே இரு மருமவனே. பெட்டியத் தூக்க ஆள் வேணும்ல. எழுத்தாளரு வேற.”

‘எழுத்தாளரு’ என்று அவர் வாய் நிறையச் சொன்னதை நுஃமான் அதற்கு முன் கேட்டதில்லை.

சனிக்கிழமை காலை முதல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஷார்ஜா போனான். பெரிய அரங்கம். வெளியே கூடாரங்களில் எத்தியோப்பியக் காப்பி வறுபடும் வாசனை. நைஜீரியாக்காரர்கள் சோற்றுக்கடை போட்டிருந்தார்கள். ஒரு மூலையில் முரசு அடித்துக்கொண்டிருந்தார்கள். வாசலிலேயே ஜுஹுரா நின்றிருந்தாள். ஓடி வந்து பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். மஞ்சளில் கரும்பச்சைக் கொடி ஓடிய துணியில் நீளமான கவுன் தைத்துப் போட்டிருந்தாள். போன தடவை அந்தத் துணியைக் கிழித்துக் கொடுத்தவனே அவன்தான். அப்போது அது இவ்வளவு அழகாக இல்லை. அவள் கழுத்தில் தொங்கிய அட்டையில் ‘எழுத்தாளர்’ என்று ஆங்கிலத்திலும் அரபியிலும் போட்டிருந்தது. அவனுக்குக் கொடுத்த அட்டையில் ‘விருந்தினர்’.

அதற்கப்புறம் அவன் கண்ணில் பட்டதெல்லாம் அவனை உறுத்தியது. அவளுக்கென்று தனி நாற்காலி. அவள் முன்னால் கண்ணாடி டம்ளரில் தண்ணீர். தூணில் ஆளுயரத்துக்கு அவள் படம். இரண்டு கல்லூரிப் பெண்கள் அவளோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். அவளுடைய இங்கிலீஷில் தப்புகள் இருந்தன, அதை நுஃமான் கவனித்தான். மேடையில் இருந்தவர்கள் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

அவளோடு மேடையில் பேசியவர் கென்யாவைச் சேர்ந்த ஒரு பத்திரிகையாளர். எங்கே எழுதினீர்கள் என்று அவர் கேட்டார். கடையில்தான், ஆள் இல்லாத நேரத்தில் போனில், எனக்கு நானே வாட்ஸப் அனுப்புவதுபோல் எழுதுவேன், ஆள் வந்தால் பாதி வாக்கியத்தில் வைத்துவிட்டுத் துணி அளப்பேன் என்றாள் ஜுஹுரா. அரங்கம் சிரித்தது. அமைதியான அறைக்காக வருடக்கணக்கில் காத்திருப்பவனுக்கு முகம் சுண்டிப்போனது.

பிறகு புத்தகத்திலிருந்து ஒரு பகுதியை அவள் சுவாஹிலியில் படிக்க, அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வேறொரு பெண் படித்தாள். நுஃமான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். அது அவன் கதை இல்லை. காரியாக்கோவிலிருந்து துபாய்க்குச் சரக்கு எடுக்க வரும் ஒருத்தியின் கதை. அவன் மூன்று தலைமுறைக் குடும்பத்தின் நிழல்கூட அதில் இல்லை. ஆனால் அவன் இருந்தான். துபாயில் ஒரு துணிக்கடை. அங்கே ஒரு இளைஞன், துணியை விரித்துக்கொண்டே தான் எழுதப்போகும் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறான். “துணியைக் கேட்ட அளவில் கிழித்துக் கொடுத்துவிடுவான். கதையை மட்டும் எங்கே கிழிப்பதென்று அவனுக்குத் தெரியாது” என்று அந்தப் பெண் படித்தாள்.

அரங்கம் மறுபடியும் சிரித்தது. கேலிச் சிரிப்பு இல்லை, பிரியமான சிரிப்புதான். அதுதான் அவனுக்கு இன்னும் தாங்கவில்லை.

அதோடு விடவில்லை ஜுஹுரா. அவன் எனக்குக் கதை சொல்லாமல் இருந்திருந்தால் இந்தப் புத்தகமே இல்லை என்று மைக்கில் சொல்லி, இருட்டில் அவனைத் தேடிக் கையை நீட்டினாள். அவன் எழுந்து நிற்கவேண்டியதாயிற்று. கைதட்டினார்கள். வெளியே வந்ததும் சிலர் அவனோடும் படம் எடுத்துக்கொண்டார்கள். துணி அளப்பதுபோல் கையை விரித்துக் காட்டச் சொன்னார் ஒரு கானாக்காரர். காட்டினான். நீங்களும் எழுதுவீர்களா என்று யாராவது கேட்பார்கள் என்று பார்த்தான். யாரும் கேட்கவில்லை. புத்தகத்தில் வருகிற ஆளிடம் அதை யார் கேட்பார்கள்?

மாலையில் ரூமுக்குத் திரும்பும் வழியில் ஊருக்குப் போன் போட்டான். ஹிஃப்ஸாவுக்கும் அவனுக்கும் கல்யாணமாகி ஒன்றரை வருடம். நடந்ததைச் சொன்னான். அவளாவது தன் பக்கம் நிற்பாள் என்று எதிர்பார்த்தான்.

“ஒங்களப் பத்தி எழுதியிருக்காங்களா மச்சான்? உம்மாகிட்ட இப்பவே சொல்றேன்” என்றாள் அவள். பிறகு சாதாரணமாக, “நீங்களும் முடிச்சிருந்தா இந்நேரம் ஒங்க கிதாபும் வந்திருக்கும்ல” என்றாள். குத்திக்காட்ட அவளுக்குத் தெரியாது. நினைத்ததைத்தான் சொன்னாள். நுஃமான் சார்ஜ் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கார்கோ ஆபீஸிலிருந்து கூப்பிட்டார்கள். இரண்டாவது பெட்டி வந்துவிட்டது. நுஃமான் போய் எடுத்தான். கடைக்குக் கொண்டுவந்து, மாமாவின் கண்ணெதிரில்தான் கவுண்டருக்கு அடியில் வைத்தான். இதைத் தூக்கிக்கொண்டு நேரே ஷார்ஜா போகவேண்டியது. ஆனால் அவன் டீக்கடைக்குப் போய் ஒரு டீ குடித்தான். இன்னொன்றும் குடித்தான். ஜுஹுரா போன் செய்தாள். முதல் பெட்டி கிட்டத்தட்டத் தீர்ந்துவிட்டது, மதியம் கையெழுத்துப் போடும் நிகழ்ச்சி இருக்கிறது, அடுத்தது வந்ததா என்று கேட்டாள்.

“மாஃபி. இன்னும் வரவில்லை” என்றான் நுஃமான்.

வாயிலிருந்து அது அவ்வளவு லேசாக வந்தது. வெறுங்கையோடு பஸ் ஏறி விழாவுக்குப் போனான். ஏன் போனான் என்றால், பார்க்கத்தான்.

மேஜையில் கைவிரல்களால் எண்ணிவிடக்கூடிய அளவுக்குத்தான் புத்தகங்கள் இருந்தன. வரிசை நீளமாக இருந்தது. புத்தகங்கள் தீர்ந்ததும் ஜுஹுரா எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டாள். கார்கோ தாமதமாகிவிட்டது என்றாள். வரிசை கலைந்தது. அந்த ஒரு கணம், தாகத்துக்குத் தண்ணீர் குடித்ததுபோல் நுஃமானுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. வயிற்றெரிச்சல் சுத்தமாக அடங்கிப்போயிற்று.

ஆனால் ஒருத்தி மட்டும் போகவில்லை. நடுத்தர வயசு. வீட்டு வேலை செய்கிறவள் என்று பார்த்ததும் தெரிந்தது. தோளில் பழைய ரெக்ஸின் பை. மேஜையில் இருந்த, ஜுஹுரா படிப்பதற்காக வைத்திருந்த பிரதியை எடுத்து, சுவாஹிலி எழுத்துகள் மேல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு மறுபடியும் அதே இடத்தில் வைத்தாள். ஜுஹுராவிடம் ஏதோ சொன்னாள். ஜுஹுரா அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். பாஷை புரியாவிட்டாலும் என்ன நடக்கிறது என்று நுஃமானுக்குப் புரிந்தது. குளிர்ச்சி போன இடம் தெரியவில்லை. இப்போதாவது டாக்ஸி பிடித்துப் போய்ப் பெட்டியை எடுத்து வரலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. இப்போதுதான் வந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் பின்பக்க வாசல் வழியாக வெளியே வந்து பஸ் ஸ்டாப்புக்கு நடந்தான்.

திங்கட்கிழமை ஜுஹுரா துணி எடுக்கக் கடைக்கு வந்தாள். கலீலுர் ரஹ்மான் அவளுக்கு ஜூஸ் வரவழைத்தார். விழாவைப் பற்றிக் கேட்டார். புத்தகம் எல்லாம் தீர்ந்துவிட்டது, இரண்டாவது பெட்டி வராததுதான் கஷ்டம் என்று அவள் சொன்னதும், அவர் கள்ளங்கபடம் இல்லாமல் குனிந்து கவுண்டருக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தார். “இந்தாங்க சிஸ்டர், சண்டே காலையிலயே வந்துருச்சே” என்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னார். சொல்லிவிட்டு மருமகனைப் பார்த்தார். மருமகன் தரையைப் பார்த்தான்.

அவர் லுஹர் தொழுகைக்கு நேரமாகிறது என்று தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

ஜுஹுரா ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். “ஏன்?” என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

நுஃமான் பொய் சொல்லியிருக்கலாம். இரண்டு மூன்று பொய்கள் தயாராகவும் இருந்தன. ஆனால் அவள் கேட்ட விதத்தில் அவை ஒன்றும் செல்லாது என்று தெரிந்தது. இங்கிலீஷில் அதற்கு என்ன சொல் என்று தேடினான். கிடைக்கவில்லை. ஊரில் பொறாமைக்குச் சொல்கிற சொல்தான் வந்தது.

“ஹஸது” என்றான்.

அவளுக்குப் புரிந்தது. அவர்கள் ஊரிலும் கிட்டத்தட்ட அதே சொல்தான். பிறகு மெதுவாக, அவனுக்குப் புரியவேண்டும் என்று ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

“மேடையில் நான் சொன்னது பாதிதான். ஒவ்வொரு தடவையும் நீ ஒரு கதை வைத்திருந்தாய். எனக்குப் பொறுக்கவில்லை. இவனும் என்னைப்போல் துணி விற்கிறவன்தானே, இவனுக்கு மட்டும் எப்படி என்று. விமானத்தில் போகும்போதெல்லாம் அதே நினைப்பு. அந்த எரிச்சலில்தான் எழுத உட்கார்ந்தேன். அதை மைக்கில் சொல்ல முடியுமா?”

தன்மேல் ஒருத்தி பொறாமைப்பட்டாள் என்பது நுஃமானுக்குக் கேட்க நன்றாகத்தான் இருந்தது. அது நன்றாக இருந்ததை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

“உன்னைக் கேட்காமல் உன்னை எழுதினேன். அது என் தப்பு. நீ என்னிடம் கத்தியிருக்கலாம்” என்றாள் ஜுஹுரா. “அந்தப் பெண்ணைப் பார்த்தாயா? எங்கள் நாட்டுத் தாங்கா ஊர்க்காரி. அஜ்மானில் ஒரு வீட்டில் வேலை. இங்கே வந்ததிலிருந்து அவள் பாஷையில் ஒரு புத்தகத்தைக் கண்ணால் பார்த்ததில்லையாம். கெஞ்சி லீவு வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். அவள் உனக்கு என்ன செய்தாள்?”

மன்னித்துக்கொள் என்று சொன்னான். அவள் தலையாட்டினாள். அது மன்னித்துவிட்டேன் என்பதா, கேட்டுக்கொண்டேன் என்பதா என்று அவனுக்குத் தெரியவில்லை. பெட்டியைப் பிரித்து ஒரு புத்தகத்தை எடுத்தாள். கையெழுத்துப் போட்டாள். அந்தப் பெண்ணின் போன் நம்பரை ஒரு துணி விலைச் சீட்டில் எழுதி உள்ளே வைத்து அவனிடம் நீட்டினாள். “நீயே கொண்டுபோய்க் கொடு. கலாஸ், அவ்வளவுதான்” என்று எழுந்தாள். அந்தத் தடவை துணியைப் பக்கத்துக் கடை குஜராத்திக்காரரிடம் எடுத்தாள்.

தொழுகை முடிந்து வந்த கலீலுர் ரஹ்மான் அதைப் பார்த்துவிட்டார். மருமகனைத் திட்டவில்லை. சாயங்காலம் ஷட்டரை இறக்கும்போது மட்டும், “பெட்டியத் தூக்கத்தானே அனுப்புனேன்” என்றார். அதற்குப் பிறகு பல நாள் அவனிடம் அவசியமானதைத் தவிர வேறு பேசவில்லை.

வெள்ளிக்கிழமை நுஃமான் அஜ்மான் போனான். போனில் பேசிப் புரியவைக்கவே படாதபாடு பட்டான். ஒரு வில்லாவின் பின்பக்கக் கதவைத் திறந்துகொண்டு அந்தப் பெண் வந்தாள். கையில் ஈரம். புத்தகத்தைப் பார்த்ததும் கையை இரண்டு பக்கமும் உடையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். பணம் எடுக்கப் போனாள், வேண்டாம் என்றான். முதல் பக்கத்தைத் திறந்தாள். அங்கேயே, கதவுக்கும் குப்பைத்தொட்டிக்கும் நடுவில் நின்றபடி படிக்க ஆரம்பித்தாள். உதடுகள் அசைந்தன. பக்கத்தைத் திருப்பினாள். ஓரிடத்தில் வாய்விட்டுச் சிரித்தாள். எதிரே ஒருவன் நிற்பதே அவளுக்கு மறந்துபோய்விட்டது.

நுஃமான் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். அவன் கதைகளுக்கு லைக் வந்திருக்கிறது. அருமை தோழர் என்று கமெண்ட் வந்திருக்கிறது. ஆனால் தன் எழுத்தை இப்படி ஒருவர் படித்து அவன் பார்த்ததில்லை. மேடையையும் ஆளுயரப் படத்தையும் பார்த்தபோதுகூட வயிறு இப்படி எரியவில்லை. உள்ளேயிருந்து யாரோ கூப்பிட, அவள் திடுக்கிட்டுப் புத்தகத்தை மூடி, அவனைப் பார்த்து நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்துவிட்டு உள்ளே போனாள்.

மூன்று தலைமுறை நாவலை அவன் அதன் பிறகு தொடவில்லை. ரமலான் வருவதற்குள், கடையில் ஆள் இல்லாத நேரங்களில் போனில் தட்டித் தட்டி, பஜாரில் கைவண்டி இழுக்கிற ஒரு பட்டாணியரைப் பற்றிக் கதை ஒன்றை எழுதி முடித்தான். சின்னக் கதைதான். ஒரு இதழ் திருப்பி அனுப்பியது, இன்னொன்று போட்டது. மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாதி வரை படித்தார். அதற்குள் துணி எடுக்க ஒரு பார்ட்டி வந்துவிட்டது.

ஜுஹுரா ஹஜ் பெருநாளுக்கு முன்னால் மறுபடியும் வந்தாள். பாதிச் சரக்கை அவர்களிடமும் பாதியைக் குஜராத்திக்காரரிடமும் எடுத்தாள். நுஃமான் துணியை விரித்தான், கதை எதுவும் சொல்லவில்லை. அவளும் முடிந்ததா என்று கேட்கவில்லை. ஆனால் அவன் சொன்ன விலையை அவள் சுளித்த முகத்தோடு பாதியாகக் குறைக்க, அவன் சிரித்துவிட்டான், அவளும் சிரித்தாள்.

போன மாதம் அவள் நைரோபியிலிருந்து ஒரு படம் அனுப்பியிருந்தாள். புத்தகத்துக்கு அங்கே ஏதோ பரிசு. கையில் பூங்கொத்து, பின்னால் பெரிய திரை. காலையில் கடையைத் திறக்கும்போதே அதைப் பார்த்துவிட்ட நுஃமான் போனைக் கவிழ்த்து வைத்தான். வழக்கமான எரிச்சல் வழக்கமான இடத்தில் எழுந்தது. ‘மப்ரூக்’ என்று ஒரு வாழ்த்துச் சொல்லை அனுப்ப அவனுக்கு மதியம் வரை ஆயிற்று. அனுப்பிவிட்டான்.